பிறைக்கொடியும் பகுத்தறிவும்

எங்கள் படிப்பு மன்றத்தில் ஒரு படம் இன்னும் சுவர் ஏறாமல் மேசைமேல் சாய்ந்து நிற்கிறது. மாட்டலாமா, கூடாதா என்பதே வழக்கு.

பெரிய முதலியார்சாவடியில் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கீற்றுக் கொட்டகைதான் மன்றம். பள்ளி விட்டபின் நானும் அங்கே போய் அமர்வேன். வலை இழுப்போர் வீட்டுப் பிள்ளைகள், வடக்கே மரக்காணத்து உப்பளங்களில் உழைப்போரின் பிள்ளைகள், தெற்கே நடந்து போகும் தொலைவிலுள்ள கோட்டக்குப்பத்திலிருந்து வரும் முஸ்லிம் தோழர் இருவர், இவர்களே உறுப்பினர். அவ்விருவரில் ஒருவர் ஜூன் 5ஆம் நாளன்று அந்தப் படத்தைக் கொண்டுவந்தார். குல்லாய், தாடி, நீண்ட அங்கி. காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில்.

“மதக் கட்சித் தலைவருக்குப் பகுத்தறிவு மன்றத்தில் என்ன வேலை?” என்று ஒரு தோழர் சீறினார். “அண்ணாவோடு மேடை ஏறியவர் ஆயிற்றே!” என்று மற்றொருவர் மறுத்தார். இரண்டும் விடையாகா. யாரோடு மேடை ஏறினார் என்பது மட்டும் ஒருவரின் தகுதிக்குச் சான்றாகிவிடாது. கட்சியின் பெயரில் மதம் இருந்தது என்பதும் விசாரணையைத் தொடங்கப் போதுமே தவிர, தீர்ப்புச் சொல்லப் போதாது. ஆசிரியன் ஆயிற்றே என்று, படித்து வந்து சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டினர். படித்ததை ஈண்டு எழுதுகிறேன்.

நெல்லைப் பேட்டையில் 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், ஒரு ராவுத்தர் குடும்பத்திற் பிறந்தவர் இஸ்மாயில். பட்டப் படிப்பு முடியும் தறுவாயில் ஒத்துழையாமை இயக்கம் அழைத்தது. 1920இல் தேர்வைத் துறந்து வெளியேறினார். பிற்காலத்தில் அவருடைய தேசப்பற்றுக்குச் சான்றிதழ் கேட்டவர்களிற் பலர் அந்த ஆண்டில் தேர்வு எழுதித் தேறியவர்கள் என்பது ஒருபுறமிருக்க. பின்னர்த் தோல் வணிகத்தில் இறங்கினார்; சென்னை வணிகர் உலகில் பெயர் பெற்றார்; முஸ்லிம் லீகில் உயர்ந்து 1945இல் மாகாணத் தலைவரானார்.

1946ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில், முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 28 இடங்களையும் லீக் கைப்பற்றியது. காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி அதுவே. இஸ்மாயில் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். சொத்தும் படிப்பும் உடையோர்க்கே பெரும்பாலும் வாக்குரிமை இருந்த காலம் அது என்பதையும் மறத்தல் கூடாது. அந்தத் தேர்தலில் லீக் பாகிஸ்தான் கோரிக்கையை முன்வைத்தே வாக்குக் கேட்டது. அவரைப் புகழ்ந்து எழுதுவோர் இவ்விடத்தில் பேனாவை விரைந்து ஓட்டிவிடுகின்றனர். மறைப்பானேன்? தங்கள் ஊர் அந்த நாட்டில் சேரப் போவதில்லை என்று தெரிந்தும் நெல்லையிலும் வாணியம்பாடியிலும் முஸ்லிம்கள் லீகுக்கு வாக்களித்தனர். வெள்ளையன் போனபின் பெரும்பான்மை மதம் ஆளும், நமக்கு இடம் இராது என்ற அச்சமே அவர்களை அங்கே கொண்டு போய் நிறுத்தியது.

அந்த அச்சத்தை அந்நாளில் நம்மவரும் அறிந்திருந்தனர். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்தபோது சட்டசபையில் கலிபுல்லா சாகிப் எழுந்து, தாம் ராவுத்தர் என்றும் தம் தாய்மொழி உருது அன்று, தமிழே என்றும் முழங்கினார். 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய் சென்று ஜின்னாவைக் கண்டார். பாகிஸ்தான் கோரிக்கையை ஆதரித்தார். திராவிட நாட்டுக்குக் கைம்மாறாகத் துணை கேட்டபோது, 1944இல் ஜின்னா, தாம் முஸ்லிம்களுக்காக மட்டுமே பேச முடியும் என்று கை விரித்துவிட்டார். ஆகவே பாகிஸ்தானை ஆதரித்தார் என்பதற்காக இஸ்மாயிலைக் குற்றக் கூண்டில் ஏற்றுவோமாயின், அக்கூண்டில் நம் முன்னோர்க்கும் இடம் விட வேண்டியிருக்கும்.

தனித் தொகுதிக் குற்றச்சாட்டும் அத்தகையதே. 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் வெள்ளை அரசு முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி அளித்தது. முஸ்லிம் வேட்பாளரை முஸ்லிம்களே தேர்ந்தெடுப்பர்; பிறர் வாக்கு அதில் சேராது. இது நாட்டைப் பிளந்த நஞ்சு என்று மேடைதோறும் பேசுவர். நல்லது, அதே கோரிக்கையைப் பார்ப்பனரல்லாதாருக்காக எழுப்பிய கட்சி எது? நீதிக்கட்சி! அதற்காக வாதாடவே டாக்டர் டி. எம். நாயர் லண்டன் சென்றார். 1919 ஜூலையில் அங்கேயே உயிர் நீத்தார். கேட்டது தனித் தொகுதி. 1920இல் மெஸ்டன் பிரபுவின் தீர்ப்பால் கிடைத்தது பொதுத் தொகுதியிலேயே 65இல் 28 இட ஒதுக்கீடு. பின்பு 1927இல் எஸ். முத்தையா முதலியார் நடைமுறைக்குக் கொண்டுவந்த வகுப்புவாரி உத்தரவில், 12 வேலைகளுக்கு 2 முஸ்லிம்களுக்கு என்று இருந்தது. ஒடுங்கிக் கிடப்போர் தம் பங்கைப் பெயர் சொல்லிக் கேட்பது பிரிவினை ஆகாது என்று நமக்கு ஒரு நீதி வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் அதையே கேட்டால் வேறொரு நீதி பேசலாகுமா?

ஆனால் 1909 வேறு, 1949 வேறு. அங்கேதான் அவருடைய வாழ்வின் கடினமான பகுதி தொடங்குகிறது.

1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய லீகின் கவுன்சில், கட்சியை இரண்டாகப் பிரித்தது. பாகிஸ்தானுக்கு லியாகத் அலிகான் அமைப்பாளர்; இந்தியாவுக்கு இஸ்மாயில். பெருந்தலைவர்கள் கப்பலேறியும் விமானமேறியும் போய்விட்டனர். போக இயலாதவரும் போக விரும்பாதவருமான கோடிக்கணக்கான மக்கள் இங்கே நின்றனர், பழியைச் சுமந்துகொண்டு. அதே மாதம் லக்னோவில் மவுலானா ஆசாத் கூட்டிய மாநாடு, வகுப்புக் கட்சிகளைக் கலைத்துவிடுங்கள் என்று கூறிற்று. 1948 ஜனவரி 30இல் காந்தியார் சுடப்பட்டார். சுட்டவன் முஸ்லிம் அல்லன் என்ற செய்தி வரும்வரை எத்தனை வீடுகளில் விளக்கை அணைத்துவிட்டு மூச்சடக்கி இருந்திருப்பார்கள்!

அதற்கு 40 நாள் கழித்து, மார்ச் 10இல், இப்போது ராஜாஜி மண்டபம் எனப்படும் சென்னைக் கட்டடத்தில் லீகர் கூடினர். கலைத்துவிடலாம் என்றவர்களும் அங்கே இருந்தனர். அவர்கள் கோழைகள் அல்லர். அந்நாளில் அதுவே பாதுகாப்பான வழி. இஸ்மாயில் கலைக்க இசையவில்லை. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. ஒரு மாதம் ஆகுமுன்பே, ஏப்ரல் 3ஆம் நாள், அனந்தசயனம் அய்யங்காரின் தீர்மானம் டெல்லியில் நிறைவேறிற்று: வகுப்பு அமைப்புகள் சமயம், பண்பாடு, சமூகம், கல்வி ஆகிய பணிகளைத் தவிர வேறெதிலும் இறங்க அனுமதிக்கலாகாது என்பது அது. செப்டம்பரில் ஐதராபாத்தில் இந்தியப் படை புகுந்தது. காசிம் ரஸ்வியின் ரஜாக்கர்கள் அங்கே நடத்திய அட்டூழியத்துக்கு, இங்கே குல்லாய் அணிந்த ஒவ்வொருவரும் விடை சொல்ல வேண்டியிருந்த நாள்கள் அவை.

இந்த இடத்தில் சற்று நின்று, எல்லைக்கு அப்பாலும் பார்த்துவிடுவோம். ஏனெனில் “மதக் கட்சி” என்ற ஒரே சொல்லுக்குள் இரு வேறு பொருள்களை அடைத்துவிடுகிறோம். அவுரங்காபாத்தில் 1903இல் பிறந்தவர் மவுதூதி. 1941 ஆகஸ்டில் லாகூரில் ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கினார். அவர் கேட்டது பங்கு அன்று, ஆட்சி. இறையாணையே சட்டம், மக்களாட்சியும் தேசியமும் மனிதன் கற்பித்த மயக்கம் என்பது அவர் கொள்கை. ஜின்னாவின் லீகையே போதிய இஸ்லாம் இல்லாத கட்சி என்று சாடியவர். பிரிவினைக்குப்பின் பாகிஸ்தான் போனார். 1953இல் அகமதியாக்களுக்கு எதிராக லாகூரில் மூண்ட கலவரத்தை ஒட்டி, படைச்சட்ட மன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அது சிறைத் தண்டனையாகக் குறைந்து, 1955இல் வெளிவந்தார்.

அக்கலவரத்தை ஆராய்ந்த நீதிபதி முனீர் குழுவின் 1954ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு பகுதி உண்டு. தமிழ் இளைஞர் ஒவ்வொருவரும் தேடிப் படிக்க வேண்டிய பகுதி. நீங்கள் மதச் சட்டப்படி ஆளலாம் என்றால், இந்தியாவில் இந்துக்கள் மனுவின் சட்டப்படி ஆண்டால் அங்குள்ள முஸ்லிம்களின் கதி என்ன என்று வினவப்பட்டது. தமக்கு மறுப்பில்லை, அவர்களைச் சூத்திரராகவும் மிலேச்சராகவும் நடத்தினாலும் சரியே என்று மவுதூதி விடையிறுத்தார்! ஒரு மதவாதி மற்றொரு மதவாதிக்கு எவ்வளவு எளிதில் கை கொடுக்கிறான், பாருங்கள். நடுவில் நசுங்குவது யாரோ சில கோடிப் பேர்.

அந்தச் சில கோடிப் பேரில் ஒருவராக இங்கே இருந்தவர் இஸ்மாயில். இறையாட்சி வேண்டும் என்று அவர் கேட்டாரில்லை. கேட்டதெல்லாம் அரசியல் சட்டத்தின் வரிகளில், அரசியல் நிர்ணய சபையின் விதிப்படி, திருத்தம் கொண்டுவந்து கேட்டார். தோற்றபோது அவைக்கு வெளியே தடி தூக்கவும் இல்லை. மவுதூதியையும் இவரையும் ஒரே தராசில் போடுவது அறியாமை. தெரிந்தே செய்தால் சூழ்ச்சி.

ஆயினும், கேட்டவை எல்லாம் சரியா?

1949 மே மாதம், மதச் சிறுபான்மையினருக்கான ஒதுக்கீட்டை நீக்கும் அறிக்கை சபை முன் வந்தது. ஒதுக்கீடும் வேண்டும், தனித் தொகுதியும் வேண்டும் என்று இஸ்மாயில் திருத்தம் கொண்டுவந்தார். எதிர்த்தவர் பட்டேல் மட்டுமல்லர். ஐக்கிய மாகாணத்து லீகைச் சேர்ந்த பேகம் ஐசாஸ் ரசூல், அச்சபையின் ஒரே முஸ்லிம் பெண்மணி, எழுந்து எதிர்த்தார். தனித் தொகுதி சிறுபான்மையைப் பெரும்பான்மையிடமிருந்து என்றென்றைக்கும் வெட்டி வைக்கும், தனக்குத்தானே அழிவு தேடும் கருவி அது என்பது அவர் வாதம். பிரிவினையின் குருதி காயாத நேரத்தில் அவர் கூறியதே சரியென்று எனக்குத் தோன்றுகிறது. தம் மக்களிடம் வாக்குக் கேட்டு வரவேண்டிய கட்டாயம் பெரும்பான்மைக்காரனுக்கு இருத்தல் வேண்டும். தனித் தொகுதி அந்தக் கட்டாயத்தை நீக்கிவிடும். பிற்காலத்தில் இஸ்மாயிலின் கட்சி பெற்ற வெற்றியெல்லாம் பொதுத் தொகுதியில், பிறர் வாக்கையும் சேர்த்துப் பெற்றவையே.

அதனினும் முதன்மையானது 1948 நவம்பர் 23. நாடு முழுமைக்கும் ஒரே உரிமையியல் சட்டம் வேண்டும் என்ற பிரிவு விவாதத்திற்கு வந்தது. அன்று 35, இன்று 44. எந்தப் பிரிவினரும் தம் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்ற திருத்தத்தை முன்மொழிந்தவர் இஸ்மாயில். மணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவை சமயத்தின் கூறுகள் என்பது அவர் கட்சி. அம்பேத்கர் அளித்த மறுமொழி இன்றும் படிக்கத் தக்கது. ஷரியத் என்றுமே மாறாது நின்றதென்பது வரலாறு அன்று என்றார். வடமேற்கு எல்லை மாகாணத்தில் 1935 வரை முஸ்லிம்களே வாரிசுரிமையில் இந்துச் சட்டத்தைப் பின்பற்றினர்; வடமலபாரில் முஸ்லிம்களுக்கும் தாய்வழிச் சொத்துரிமையான மருமக்கத்தாயம் இருந்தது. அவ்வளவும் கூறியபின், வருங்காலப் பாராளுமன்றம் விரும்பி ஏற்போருக்கு மட்டும் முதலில் அச்சட்டத்தைப் பொருத்தலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தார்.

திருத்தம் தோற்றது. ஆனால் அவையில் தோற்ற இஸ்மாயில் அவைக்கு வெளியே வென்றார் என்பதே உண்மை. வாக்குக்கு அஞ்சிய கட்சிகள் அந்தப் பக்கமே போகவில்லை. 1985இல் ஷா பானு என்ற மூதாட்டிக்கு உச்ச நீதிமன்றம் வாழ்வுப்படி வழங்கியபோது, மறு ஆண்டே சட்டம் இயற்றி அதன் பயனைக் குறுக்கினர். ஒரே மூச்சில் மும்முறை சொல்லி மனைவியை விலக்கும் முறை செல்லாது என்று தீர்ப்பு வர 2017 ஆயிற்று. அந்த நவம்பர் விவாதத்திலிருந்து ஏறக்குறைய 69 ஆண்டுகள்! இடையே வாழ்ந்து மடிந்த பெண்களின் கணக்கை எந்தக் கட்சியும் எடுக்கவில்லை. சிறுபான்மையின் உரிமை என்று இஸ்மாயில் காத்தது, அச்சிறுபான்மைக்குள்ளே ஆணின் உரிமையாகவும் இருந்தது. இதை அவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பேசவில்லை. அவரைப் போற்றுவோர் இதற்கு விடை கூறியாக வேண்டும்.

இவ்வாறு நான் கூறியதும் கோட்டக்குப்பத்துத் தோழர் குறுக்கிட்டார். “இந்துச் சட்டம் அப்போது வாழ்ந்த வாழ்வு என்ன?” என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். 1949இல் சென்னை மாகாணம் ஷரியத் சட்டத்தைத் திருத்தி, விளைநிலத்துக்கும் அதைப் பொருத்தியது. மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு நிலம் முஸ்லிம் வீட்டில் சட்டப்படி உண்டு. அந்நாளில் இந்து வீட்டுப் பெண்ணுக்குப் பிறந்தகத்துக் குடும்பச் சொத்தில் அண்ணன் தம்பியோடு ஒத்த பங்கு ஏது? தமிழ்நாட்டில் அதற்கு 1989 வரவேண்டியிருந்தது. நாம் பெருமையோடு சொல்லும் 1967ஆம் ஆண்டுச் சுயமரியாதைத் திருமணச் சட்டமும் இந்து திருமணச் சட்டத்திற் சேர்த்த ஒரு பிரிவே. நம் சீர்திருத்தம் பள்ளிவாசல் தெருவுக்குள் போனதில்லை. நட்பின் பெயரால் விட்டுவிட்டோமா, வாக்கின் பெயரால் விட்டுவிட்டோமா என்று யாரேனும் என்னைக் கேட்டால், இரண்டும்தான் என்பேன்.

இனி மொழி. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதத்தில், பழமையே அளவுகோல் எனில் இம்மண்ணில் முதலிற் பேசப்பட்டவை திராவிட மொழிகள், தமிழ் அவற்றுள் ஒன்று என்று அவர் பேசியது நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. சொல்லும்போது அந்த “எனில்” எங்கோ விழுந்துவிடுகிறது. தமிழை ஆட்சிமொழி ஆக்கியே தீரவேண்டும் என்று போராடியவர் போலப் படம் காட்டுகிறோம். அவர் சொன்னதே போதுமானது. வடநாட்டார் நிறைந்த அவையில் ஒரு ராவுத்தர் எழுந்து தமிழின் தொன்மையைச் சொன்னது சிறிய செயல் அன்று. அதற்கு மேல் நாம் பூச்சூட வேண்டியதில்லை.

அவருடைய நாடாளுமன்ற வாழ்வை விரைந்தே சொல்லலாம். 1952 முதல் 1958 வரை மாநிலங்கள் அவை. பிறகு 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தலிலும் கேரளத்து மஞ்சேரி. குரோம்பேட்டையிற் குடியிருந்த தமிழரை மலையாள மண் மும்முறை அனுப்பியது. ஆனால் கேரளத்தில் நடந்த கூட்டணிக் கூத்தை மட்டும் விட்டுவிட முடியாது. லீகைச் செத்த குதிரை என்றவர் நேரு. 1959இல் நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்டு ஆட்சியைக் கவிழ்க்க அந்தக் குதிரை காங்கிரசுக்குத் தேவைப்பட்டது. கல்வி மசோதாவை எதிர்த்த அக்கூட்டத்தில் லீக் போய் நின்றது, என் கணிப்பில், இஸ்மாயிலின் தலைமைக்கு ஒரு கறை. 1960இல் சேர்ந்து வென்றார்கள். வென்றதும் வகுப்புக் கட்சிக்கு அமைச்சர் பதவி கிடையாது என்றது காங்கிரசு. சபாநாயகர் நாற்காலி மட்டும் சீதி சாகிபுக்குக் கிடைத்தது. 1961இல் அவர் மறைந்ததும் முகம்மது கோயா அந்த நாற்காலிக்கு வர வேண்டுமானால் லீகிலிருந்து விலகி வரவேண்டும் என்று நிபந்தனை! வாக்குத் தீட்டில்லை, வாக்களித்தவனின் கட்சி தீட்டு! தீண்டாமையின் இந்த வடிவத்தை நாம் நன்கறிவோம். 1967இல் அதே நம்பூதிரிபாடு லீகோடு சேர்ந்து ஆட்சி அமைத்தார். கோயா கல்வி அமைச்சரானார். 1969 ஜூன் 16இல் மலப்புரம் மாவட்டம் பிறந்தபோது குட்டிப் பாகிஸ்தான் என்று கூச்சலிட்டனர். பிறந்தது ஒரு கலெக்டர் கச்சேரியும் சில தாலுகா அலுவலகங்களும்தாம்.

1967இல் இங்கேயும் தி.மு.க., சுதந்திரா, மார்க்சிஸ்டு முதலிய கட்சிகளோடு லீக் நின்றது. 234இல் தி.மு.க. மட்டும் 137. அண்ணா முதலமைச்சரானார். கடவுள் மறுப்பாளரின் வாரிசுகளும் ஐவேளை தொழுபவரும் ராஜாஜியும் ஒரே மேடையில் நின்றது எப்படி என்று இளந்தோழர்கள் வியக்கின்றனர். டெல்லியின் ஆதிக்கமும் இந்தித் திணிப்பும் எல்லோர் வீட்டுக் கூரையிலும் ஒரே நேரத்தில் பற்றிய தீ, அவ்வளவே. அது கொள்கை உறவென்று அன்றும் யாரும் ஏமாறவில்லை.

ஒன்று மட்டும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1962இல் சீனப் போர் மூண்டபோது இஸ்மாயில் தம் மகனைப் படைக்கு அளிக்க முன்வந்தார் என்ற செய்தியை அவர் நினைவு விழாக்களில் கைதட்டலோடு சொல்கின்றனர். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. அந்த ஆண்டில் எந்த முதலியாரிடம், எந்த அய்யரிடம், எந்த ரெட்டியாரிடம் மகனைக் கொடு, பற்றைக் காட்டு என்று நாடு எதிர்பார்த்தது? அறுபத்தாறு வயதில், 1920இலேயே படிப்பைத் துறந்த ஒருவர், மறுபடியும் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது.

1972 ஏப்ரல் 5இல் அவர் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம். பின்னாளில் அஞ்சல் தலை வந்தது. நாகை மாவட்டத்துக்குச் சில ஆண்டுகள் அவர் பெயர் இருந்து, எல்லாத் தலைவர் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்து நீக்கியபோது இதுவும் போயிற்று. சென்னை அண்ணா சாலையில் அரசினர் மகளிர் கலைக் கல்லூரி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் வாயிலில் நுழையும் மாணவியரில் எத்தனை பேர் 1948 நவம்பர் விவாதத்தைப் படித்திருப்பர் என்று எண்ணிப் பார்த்தேன்.

எண்ணியதை மன்றத்திலும் சொன்னேன். மறுநாள் படம் கொண்டுவந்த தோழர், தம் தமக்கை சொல்லியனுப்பியதாக ஒரு செய்தி கொண்டுவந்தார். “அந்த விவாதத்தைத் தமிழில் படித்துவிட்டு, மாட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். படிக்கும் அன்று நானும் வருவேன், வரலாமா?” என்று கேட்டிருந்தார். எங்கள் மன்றத்திற்கு இதுவரை ஒரு பெண்ணும் வந்ததில்லை. வரக்கூடாது என்று நாங்கள் சொன்னதும் இல்லை, வாருங்கள் என்று அழைத்ததும் இல்லை. அடுத்த ஞாயிறு என்று நாள் குறித்திருக்கிறோம். ஆங்கிலப் பக்கங்களை நானும் கல்லூரி செல்லும் தோழர் ஒருவரும் பாதிப் பாதியாகப் பெயர்த்துக்கொண்டிருக்கிறோம். இஸ்மாயிலின் பேச்சு முடிந்துவிட்டது; அம்பேத்கரின் மறுமொழியில் இன்னும் இரண்டு பக்கம் மிச்சம்.